நேரா, எதிரா?

எங்கள் கணக்கு டீச்சருக்கு ஒரு வழக்கம் இருந்தது. விகிதக் கணக்கு எதுவானாலும், சாக்பீஸைக் கையில் எடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருத்தியை எழுப்பி, "நேரா, எதிரா?" என்று கேட்பார். ஒன்று கூடினால் மற்றதும் கூடுவது நேர் விகிதம். ஒன்று கூடினால் மற்றது குறைவது எதிர் விகிதம். ஆறு பேர் வெட்டுகிற கிணற்றைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வெட்டினால் பாதி நாளில் வேலை முடியும். சொன்னால் யாருக்குத்தான் புரியாது? எனக்கும் புரிந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் எழுப்பி நிறுத்திக் கேட்டால், நாக்கு என்னைக் கேட்காமலே ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும். அது தவறாமல் தப்பாக இருக்கும். தப்பாகச் சொன்னவள் மணி அடிக்கும் வரை நிற்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடம் நடந்த நாட்களில் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதைவிட நின்றுகொண்டு ஜன்னல் வழியே தி. நகர் பஸ்களை வேடிக்கை பார்த்ததுதான் அதிகம்.

வீட்டில் இதைச் சொன்னால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். முதலாளியும் திருநெல்வேலிப் பக்கம், நாங்களும் திருநெல்வேலிப் பக்கம். அந்த வழியில்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் பட்டணத்துக்கு வந்து, பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். தான் என்கிற துணிச்சுருளிலிருந்து அளந்து கிழிப்பதில் அப்பாவுக்குக் கடையில் நல்ல பெயர். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள், இத்தனை பிள்ளைகளுக்குப் பாவாடை, இத்தனை பேருக்குச் சட்டை என்று சொல்லி முடிப்பதற்குள் எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடுவார். அப்பாவுக்குக் கணக்கு என்றால் மூன்று எண்தான். முதல் எண்ணால் மற்ற இரண்டின் பெருக்கலை வகுத்தால் விடை வந்துவிடும். பெரிய கணக்கோ சின்னக் கணக்கோ, அதே மூன்று எண்தான்.

"மூணையும் வரிசையா எழுதுட்டி. பின்னால உள்ள ரெண்டையும் பெருக்கி மொதல்ல உள்ளதால வகு. இதுக்குப் போயி நேரு, எதிருன்னு நிக்க வச்சு என்ன செய்யுதாவ ஒங்க டீச்சரு?"

அப்பா இப்படிச் சொல்லும்போது அவர்தான் சரி என்று எனக்குத் தோன்றும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவர் சொன்ன மாதிரியே போடுவேன். கிணறு வெட்டப் பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு மடங்கு நாளாகும் என்று விடை வரும். டீச்சர் என் நோட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டுவார்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. மாத்திரையில் அடங்காமல் போய், தினமும் காலையில் இன்சுலின் ஊசி. அப்போது கண்ணாடி சிரிஞ்சுதான். அம்மா அதைத் தினமும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைப்பாள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்சட்டியில் மணலை நிரப்பி, தண்ணீர் தெளித்து, மருந்துப் பாட்டிலை அதில் பாதி புதைத்து வைத்திருப்போம். ஊசி போடுவது அம்மாதான். தேனாம்பேட்டை டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சிரிஞ்சின் மேல் வரிசையாக இருபது கோடுகள் இருக்கும். "எட்டாவது கோடு வரைக்கும் இழுங்கம்மா, அவ்வளவுதான்" என்று அவர் சொன்னதோடு சரி. டாக்டர் சீட்டில் யூனிட் என்று என்னவோ எழுதியிருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. எல்லாம் கோடுதான். "எட்டு கோடு போட்டாச்சா?" என்று கேட்டால் ஊசி போட்டாகிவிட்டதா என்று அர்த்தம்.

துணியைக் கிழிப்பதில் கை நடுங்காத அப்பாவுக்கு ஊசியைப் பார்க்கும் தைரியம் மட்டும் கிடையாது. கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அம்மா போட்டு முடித்துப் பஞ்சால் தேய்த்து, "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் திரும்புவார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மருந்து தீர்ந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் மருந்துக்கடைக்கு அப்பாவோடு நானும் போனேன். கடைக்காரர் அலமாரியைத் துழாவிவிட்டு வந்தார்.

"நாப்பது பவரு ஸ்டாக் இல்ல சார். மவுண்ட் ரோடுலயும் இல்லியாம். எம்பதுதான் கீது. இது டபுள் பவரு. டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கினு போடுங்க."

"நீங்களே சொல்லுங்களேன், எத்தனை கோடு போடணும்?" என்று அப்பா கேட்டார்.

"அத்த நான் சொல்லக்கூடாது சார். ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா இன்னா பண்றது?"

அங்கிருந்து நேராக டாக்டர் வீட்டுக்குப் போனோம். டாக்டர் குடும்பத்தோடு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம்தான் வருவார் என்று வாசலில் அட்டை தொங்கியது. வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "ஒரு கோட்டுக் கணக்குக்கு இன்னொரு டாக்டரா?" என்றார் அப்பா. வழியெல்லாம் அவர் உற்சாகமாகத்தான் வந்தார். கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தை எடுத்து மூன்று எண்களை எழுதினார். நாற்பது, எட்டு, எண்பது. பின்னால் இருந்த இரண்டையும் பெருக்கி முதலாவதால் வகுத்தார்.

"பதினாறு. நாளைலேருந்து பதினாறு கோடு."

அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

டபுள் பவர் என்று கடைக்காரர் சொன்னது காதிலேயே இருந்தது. மருந்து காரமானால் எதற்காக அதிகமாகப் போட வேண்டும்? வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் எழுப்பிக் கேட்காமலே எனக்கு ஒரு விடை தோன்றியது.

"அப்பா, இது நேர் இல்லப்பா, எதிரு. நாலு கோடுதான் வரும்."

"யாரு, டீச்சரு சொன்னாகளா?"

"இல்லப்பா. நானாத்தான் சொல்லுதேன்."

"நேத்து பூரா நின்னுட்டு வந்தவ நீதான?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுரீர் என்றது. அப்போதுதான் கடை ஞாபகம் வந்தது. துணியின் அகலத்தைக் கடையில் பன்னா என்பார்கள். பெரிய பன்னாத் துணி எடுத்தால் நீளம் குறைவாகப் போதும். இரட்டைப் பன்னா என்றால் பாதி நீளமே போதும். அப்பா தினமும் வாய்ப்பாடு மாதிரி சொல்லும் விஷயம் அது. அந்தக் கணக்குக்கு அவர் மூன்று எண்ணை எழுதிப் பார்த்ததே கிடையாது. கண் பார்த்ததும் வாய் சொல்லிவிடும்.

"பன்னா ரெண்டு மடங்குன்னா துணி பாதிதானப்பா கிழிப்பிய? அது மாதிரிதான இதுவும்? மருந்து ரெண்டு மடங்குன்னா கோடு பாதி."

அப்பாவின் சிரிப்பு நின்றது. ஒரு நிமிஷம் யோசித்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மருந்துக்கு ஏதுட்டி பன்னா? போயி பாடத்தப் படி. கணக்குல பாஸாகிட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடு."

உள்ளபடி சொன்னால் எனக்கே நிச்சயம் இல்லை. நான் நேர் என்று சொன்னதெல்லாம் எதிராகவும், எதிர் என்று சொன்னதெல்லாம் நேராகவும் இருந்து பழகிவிட்டது. இன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? கிணறு வெட்டும் ஆட்களை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். ஒரு தடவை நாலு வந்தது. பயந்துபோய் மறுபடி போட்டபோது பதினாறு வந்தது. இரண்டில் ஒன்று அப்பாவைக் கொன்றுவிடும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அம்மா சிரிஞ்சைக் கொதிக்கவைத்தாள். நான் பஞ்சை வைத்துக்கொண்டு அவள் பின்னால் நின்றேன். அப்பா கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அம்மா பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து மருந்தை இழுத்தாள். என் கண் கோடுகளிலேயே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலாவது கோட்டில் அவள் கை நின்றது.

"பதினாறுதான?" என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ம்" என்றாள் அம்மா.

அம்மா அப்பாவிடம் பொய் சொல்லி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கடையிலிருந்து அவர் வரும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் எல்லாமே அவர் சொல்வதுதான். ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதைக்கூட அவள் தன் வாயால் சொல்லமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு எழுத்தில் பொய் சொல்லிவிட்டு, ஊசியைக் குத்தி எடுத்து, "ஆச்சு" என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எனக்கு ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வகுப்பில் தப்பாகச் சொன்னால் கால்தான் வலிக்கும். இங்கே என் விடை அப்பாவின் உடம்புக்குள் போய்விட்டது. அது தப்பாக இருந்தால் தேவையான மருந்தில் கால்பங்குதான் அவருக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமையானதால் அப்பா வீட்டிலேயே இருந்தார். அவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்றது. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும் என்று தெரியும். வெயில் நாளில் எல்லோருக்கும்தான் தாகம் எடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மத்தியானம் கொஞ்சம் கண் அயர்ந்தபோது, மூச்சு விடுகிறாரா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அம்மாவும் அடுக்களையிலிருந்து எட்டி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அம்மா சிறுநீர் சோதனை செய்தாள். அந்த நாளில் வீட்டிலேயே செய்வோம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. குழாய் சூடேறி மருந்து கொதித்தது. நான் சாமியை வேண்டிக்கொண்டே பார்த்தேன். லேசான பச்சை வந்து அதோடு நின்றது. வழக்கமாக வருகிற அதே பச்சை.

அப்பா குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தியாட்டி? பதினாறு கோடு எப்படிக் கேட்டிருக்கு பாரு! எதிராம்லா எதிரு!"

அம்மா குழாயை வாங்கிக் கழுவப் போய்விட்டாள். நான் ஸ்பிரிட் விளக்கை அணைத்து எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலையிலும் அதே கேள்வி, அதே நாலு கோடு, அதே "ம்". சாயங்காலம் அப்பா சீக்கிரமாகவே கடையிலிருந்து வந்துவிட்டார். டாக்டரிடம் போகும்போது அம்மாவோடு என்னையும் கூப்பிட்டார். "நீயும் வா. கணக்குன்னா என்னன்னு டாக்டரு வாயாலயே கேளு" என்றார்.

தேனாம்பேட்டையில் டாக்டர் அறைக்குள் மூன்று பேரும் போனோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததும் உற்சாகமாக ஆரம்பித்தார். நாற்பது கிடைக்கவில்லை, எண்பது வாங்கினோம், நானே கணக்குப் போட்டேன், பதினாறு கோடு வந்தது, நேற்றும் இன்றும் போட்டாயிற்று, சோதனையில் பச்சைதான் வந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"என்னது, பதினாறா? எப்ப போட்டீங்க? காலையிலயா? தலை சுத்துதா? வேர்க்குதா?" என்று அப்பாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, குளுக்கோஸ் எடுத்து வரச் சொல்லிக் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். அப்பாவின் முகம் வெளுத்தது. அதுவரை இல்லாத வேர்வை அப்போதுதான் வந்தது.

"பதினாறு போடல டாக்டர்" என்றாள் அம்மா. நின்றுகொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னாள். "நாலுதான் போட்டேன். நேத்தும் நாலுதான்."

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். "அதானே பார்த்தேன். நாலுதாம்மா சரி. சார் சொன்னதைப் போட்டிருந்தா இன்னிக்கு அவர் இங்க நடந்து வந்திருக்க மாட்டார். உங்களுக்கு யாரு சொன்னது நாலுன்னு?"

"இவ சொன்னா. பள்ளிக்கூடத்துல படிக்கா."

டாக்டர் எட்டி என் தோளைத் தட்டி, வெரி குட் என்றார். ஒரு நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு முழுவதும் அங்கே வந்து பார்க்கக் கூடாதா என்று இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. நடுத்தெருவில் யாரோ தெரியாதவள் கையைத் தவறிப் பிடித்துவிட்டவர் போல் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரும் வரை நின்றே வந்தார்.

மறுநாள் காலையில் அம்மா சிரிஞ்சோடு வந்தபோது கையை நீட்டினார். ஊசிக்காக இல்லை.

"இங்க கொண்டா. இனிமே நானே போட்டுக்கிடுதேன்."

"ஒங்களுக்குப் பழக்கமில்லல்லா" என்றாள் அம்மா.

"பழகிக்கிடுதேன்."

ஊசியைப் பார்க்கவே மாட்டாத மனுஷன், அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நாலு கோடு வரை எண்ணி இழுத்து, வேட்டியை ஒதுக்கித் தொடையில் குத்திக்கொண்டார். கை நடுங்கிற்று. முதல் தடவை சரியாக இறங்காமல் மறுபடி குத்தினார். ரத்தம் கசிந்தது. அம்மா பஞ்சை நீட்டினாள். அதையும் வாங்காமல் விரலாலேயே துடைத்துக்கொண்டார். சில நாட்களில் தொடையில் கட்டி கட்டியாக வீங்கியது. வலித்திருக்கும். சொல்லவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியிருந்தால், அம்மா அழுது தீர்த்திருப்பாள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. பேசினார், சாப்பிட்டார், கடைக்குப் போனார். ஊசிக்கு மட்டும் அம்மாவைக் கூப்பிடவில்லை. என்னிடம் கணக்கைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார். நாற்பது மறுபடி கடைக்கு வந்து, எட்டு கோட்டுக்குத் திரும்பிய பிறகும் அப்படியேதான்.

பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. "நேரா, எதிரா?" என்று டீச்சர் கேட்டால், எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் விஷயத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். சரியாகச் சொல்லி உட்காருவேன். உட்கார்ந்ததில் எந்தச் சந்தோஷமும் வரவில்லை.

ஆனால் ஒரு பெருமை உள்ளுக்குள் இருந்தது. மறைப்பானேன், நிறையவே இருந்தது. அப்பாவின் கணக்கையும் என் கணக்கையும் எடை போட்டுப் பார்த்து, அம்மா என்னை நம்பினாள். அப்பா முகம் கொடுக்காமல் இருந்த நாளெல்லாம் அந்த நினைப்புதான் எனக்குத் துணை. பரீட்சை முடிந்த ஒரு மத்தியானம், மொட்டை மாடியில் அம்மாவோடு துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அதை அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டுவிட்டேன்.

"ஏம்மா, அன்னைக்குப் பன்னாக் கணக்குச் சொன்னேன்லா, அதக் கேட்டுத்தான ஒனக்கு நாலுன்னு புரிஞ்சுது?"

"எந்தப் பன்னா?" என்றாள் அம்மா.

அவள் அதைக் காதிலேயே வாங்கியிருக்கவில்லை.

"பின்ன எதுக்கும்மா நான் சொன்னத நம்புன?"

"ஒன்ன எங்க நம்புனேன்? கிளாஸ்ல தெனமும் நின்னுட்டு வாறவ நீ." அவள் ஒரு பாவாடையை உதறி மடித்தாள். "நீ நாலுங்க, அவுக பதினாறுங்காக. எனக்கு ரெண்டும் தெரியாது. கொறச்சுப் போட்டா சர்க்கர ஏறும். தாகம் எடுக்கும், சோந்து விழுவாக, தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட நேரம் இருக்கும். கூடப் போட்டுட்டா ஓட நேரமிருக்குமா? நீ பதினாறுன்னு சொல்லி அவுக நாலுன்னு சொல்லியிருந்தாலும் நாலுதான் போட்டிருப்பேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பாவை விட்டு அவள் என் பக்கம் வந்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாவும் அதையேதான் நினைத்துக்கொண்டு தினமும் தன்னைத்தானே குத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா நீ அவுகள நம்பலன்னுல்லா நெனச்சுக்கிட்டிருக்காக. இத அவுககிட்ட சொல்லேன்மா. இல்லன்னா நான் சொல்லுதேன்."

"நீ வாயத் தொறக்காத. ஒன் வாயால கேட்டா அது வேற குத்தும்." துணிக் குவியலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவுக கேக்கட்டும். கேட்டா சொல்லுதேன்."

அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். தினமும் காலையில் அவரே ஊசி போட்டுக்கொண்டார். அம்மா சிரிஞ்சைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதையாவது கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். அவர் கேட்கவில்லை.